சமையற்காரி பொய் சொன்னாள் என்றேன்

இதைப் படிக்கும் நீங்கள் இப்போது ஒரு சாட்சிக் கூண்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். அன்று மும்பை தாராவியில் அந்த அரங்கில் கூடியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தது நியாயமா என்று முடிவில் நீங்களே சொல்லுங்கள். நியாயம்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கும் ஆயத்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, மழைக்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு ஒன்று தாராவியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வழக்காடு மன்றம் ஏற்பாடு செய்திருந்தது. கதையில் வரும் ஒரு பாத்திரத்தைக் குற்றவாளியாக நிறுத்தி, ஒருவர் குற்றம் சாட்ட, இன்னொருவர் காப்பாற்ற, நடுவர் தீர்ப்புச் சொல்வார். வழக்கமாகக் காப்பியங்களில் இருந்துதான் குற்றவாளிகளை இழுத்து வருவார்கள். அந்த முறை, கூட்டம் வரவேண்டும் என்பதற்காக, ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்பது, பிறகு தேநீர், அதன் பிறகு வழக்கு.

குற்றவாளி, அந்தப் படத்தில் வரும் சமையற்காரி. குற்றம் சாட்டுபவன் நான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். இந்த ஊரில் என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்தியில்தான் சண்டை போடுவார்கள், தமிழ் அழைப்பிதழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். நான் அப்படி அல்லேன். ஒன்பது வயதில் இருந்து மேடைப்பேச்சு பயின்றவன். எந்த இடத்தில் மூச்சை எடுப்பது, எந்தச் சொல்லில் குரலை இறக்குவது என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். அவையை நோக்கி ஒரு கேள்வியை வீசிவிட்டு, மனத்துக்குள் மூன்று எண்ணும் வரை இமைக்காமல் நிற்க வேண்டும் என்பது நான் கற்ற பாடங்களில் முதன்மையானது. அந்த மூன்று எண்ணிக்கைக்குள் அவை நம் வசமாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று வரை அது ஒரு முறையும் தவறியதில்லை.

அந்த அமைப்பின் பொங்கல் விழா மேடையில் பேசுவதற்கு நான் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தேன். மும்பைத் தமிழர்களில் பேசத் தெரிந்தவர்கள் எல்லாம் ஏறிய மேடை அது. பேச்சாளர் அணியில் ஓர் இடம் காலியாகி இருந்தது. செயலாளர் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: இந்த வழக்கில் நானும் எதிர்த்தரப்பும் பேசுவதைப் பார்த்து, இருவரில் ஒருவருக்கு அந்த இடம். எதிர்த்தரப்பு, செம்பூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். மருந்து நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி. கையில் ஒரே ஒரு துண்டுத்தாளோடு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டாயிற்று.

படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டேன். அதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளிக்கிழமையே பதினைந்து நிமிடப் பேச்சு ஆயத்தம். படம் முடிந்த பிறகு வந்தால் போதாதா என்று செயலாளரிடம் கேட்டேன்.

“படத்தப் பாத்துட்டுத்தான் பேசணும் தம்பி. அதான் ரூல்” என்றார்.

ஆகவே போனேன். சயன் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேடைக்கு நான் வேறு எதுவும் உடுத்துவதில்லை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு கையில் குடையும் மறு கையில் வேட்டியுமாக நான் போய்ச் சேர்ந்தபோது விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குச் சேறு ஏறியிருந்தது. எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய படம் இரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. மடிக்கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அறுபது எழுபது பேர் சுவரில் சுற்றிய ஒரு வட்டத்தை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். படம் ஓடத் தொடங்கியதும் ஒலிபெருக்கி யாருடைய கைபேசியோடோ இணைந்துகொண்டது. படத்தில் முதலாளி பிணமாகக் கிடக்கிறார், கதாநாயகி அலற வாயைத் திறக்கிறாள், அவள் வாயிலிருந்து கேஸ் சிலிண்டர் நாளை வரும் என்ற இந்தி அறிவிப்பு ஒன்று வருகிறது. அரங்கமே குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சோதனை என் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. தாராவியில் கணவரோடு சேர்ந்து தோல் பை தைக்கும் பட்டறை நடத்துபவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை; ஒன்பது முறை என்று அவராகவே சொன்னார். ஒரு டப்பாவில் இருந்து எனக்கு முறுக்கு எடுத்து நீட்டினார். பேசப் போகிறவன் படத்துக்கு நடுவே முறுக்குக் கடிக்கலாமா? வேண்டாம் என்றேன். டப்பாவை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

கதாநாயகன் வருவதற்கு முன்பே அவன் வருவான் என்று சொன்னார். கதவு திறப்பதற்கு முன்பே யார் திறப்பார்கள் என்று சொன்னார். கண்ணாடி போட்ட ஒரு மனிதர் திரையில் தோன்றி, நோயாளியின் நாடியைப் பிடித்த அதே நொடியில் என் காதருகே குனிந்து, “இந்தா இவந்தான் தம்பி கொன்னது. டாக்டரு. கடைசிலதான் தெரியும்” என்றார்.

ஒரு கொலைப் படத்தை வாழ்க்கையில் ஒரு முறைதான் முதல் முறையாகப் பார்க்க முடியும். அந்த ஒரு முறையும் போயிற்று. கதைச் சுருக்கத்தில் எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்திதான் என்பது உண்மை. என்றாலும் பிறர் காதில் போட்டுக் கெடுப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? முன் வரிசையிலும் பின் வரிசையிலும் இதே கதைதான். எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சன்னல் ஓரம் எழுந்து போய், கீழே தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வந்து, அதையும் அவைக்கு அறிவித்தார்.

நான் பக்கத்து இருக்கையை நோக்கித் திரும்பினேன். மேடையில் பேசும் தமிழிலேயே சொன்னேன். “அக்கா, நான் இந்தப் படத்தைப் பற்றி இன்னும் சற்று நேரத்தில் பேச வேண்டியவன். தயவுசெய்து படம் முடியும் வரை என்னிடம் எதுவும் பேசாதீர்கள்.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “சரி தம்பி. சும்மா காலிபீலி டென்ஷன் ஆவாதீய. இனிம வாயத் தொறந்தா கேளுங்க” என்று டப்பாவை மூடிவிட்டார். மூடும் ஓசை மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் என் கேடு.

இனி படத்துக்குள் வருகிறேன், கதை சிறியது. ஒரு பெரிய வீட்டில் முதலாளி மாலை ஆறு மணிக்குக் கொல்லப்படுகிறார். பழி அவருடைய தம்பிமீது விழுகிறது. அந்தத் தம்பி கறுப்புக் கோட்டு அணிந்து, பெட்டியோடு வீட்டை விட்டு வெளியேறுவதை நாம் திரையில் பார்க்கிறோம். நீதிமன்றத்தில் சமையற்காரி கூண்டில் ஏறுகிறாள். தெற்கத்திப் பெண். குற்றம் சாட்டும் வழக்கறிஞர் அவள் பேச்சைப் போலவே பேசிக் காட்டி, சந்தேகமாய் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். அரங்கில் எல்லோரும் அவரை ஏசினார்கள். நான் ஏசவில்லை. அவருடைய உச்சரிப்பு எவ்வளவு தூய்மை என்று வியந்துகொண்டிருந்தேன்.

சமையற்காரி சொன்னாள்: “சின்னையா அன்னைக்கு வெள்ளனவே கெளம்பிட்டாவ.”

பழைய படம், கரகரத்த ஒலி, தலைக்கு மேல் மின்விசிறியின் சத்தம். ஆனாலும் எனக்குத் தெளிவாகவே கேட்டது. வெள்ளையில் கிளம்பினான் என்கிறாள். வெள்ளை உடையில்! நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தது கறுப்புக் கோட்டு!

இத்தனை ஆண்டுகளாக எத்தனை ஆயிரம் பேர் பார்த்த படம். ஒருவர் கண்ணிலும் படாத முரண்பாடு என் கண்ணில் பட்டுவிட்டது. குறிப்பேட்டைத் திறந்து பெரிய எழுத்தில் எழுதினேன்: “வெள்ளை என்கிறாள். கோட்டு கறுப்பு. பொய்ச்சாட்சி.” மூன்று முறை அடிக்கோடு இட்டேன்.

பக்கத்துப் பெண்மணி குனிந்து என் குறிப்பேட்டைப் பார்த்தார். படித்தார் என்பதும் தெரிந்தது, ஏனெனில் உதடுகள் அசைந்தன. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வாய் பாதி திறந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினேன். குறிப்பேட்டையும் அவர் பார்வைக்கு எட்டாதபடி திருப்பிக்கொண்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சாட்சிகளே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்று, தம்பியை விடுவித்துவிட்டார். ஏன் விடுவித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. பழைய படங்களில் நீதிமன்றங்கள் அப்படித்தான் இருக்கும் போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் வைத்தியர் பிடிபடுகிறார். அன்று மாலை அந்த வீட்டின் வாசல் நடையில் வைத்தியரின் ஈரக்குடையைப் பார்த்ததாகச் சமையற்காரி அப்போதுதான் சொல்கிறாள். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். தன்னை யாரும் கேட்கவில்லையே என்கிறாள். அவ்வளவுதான் படம்.

நான் வெள்ளிக்கிழமை எழுதி வைத்திருந்த பேச்சு இந்த மௌனத்தைப் பற்றியது. உண்மையை மறைத்தாள் என்பதே குற்றச்சாட்டு. நல்ல பேச்சு. இன்றும் சொல்கிறேன், அது நல்ல பேச்சு. அதைத்தான் தேநீர் இடைவேளையில் நான் தூக்கி எறிந்தேன். மௌனம் என்ன பெரிய குற்றம்? பொய்ச்சாட்சி அல்லவா என் கையில் இருந்தது! சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று, கண்ணை மூடி, புதிய பேச்சை மனத்துக்குள் கட்டினேன். யாரோ பக்கத்தில் வந்து நின்றது போல் இருந்தது. தேநீர் கொடுக்க வந்தவராக இருக்கும் என்று நினைத்துக் கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தேன். போய்விட்டார்கள்.

நடுவர், செம்பூரில் ஒரு பள்ளியின் தமிழாசிரியை. என்னை அழைத்தார். எழுந்தேன். சேறு படிந்த வேட்டி கூட அப்போது எனக்கு மறந்துவிட்டது.

எப்படிப் பேசினேன் என்பதை நானே சொல்வது அழகல்ல. ஆனால் அன்று என் குரல் என் சொல் கேட்டது. “நடுவர் அவர்களே, உண்மையை மறைத்தாள் என்று மட்டுமே இவள்மீது வழக்கு. நான் ஒரு படி மேலே போகிறேன். இவள் பொய் சொன்னாள்!” என்று தொடங்கினேன். அவை நிமிர்ந்து உட்கார்ந்தது. கறுப்புக் கோட்டை வருணித்தேன். அதன் பொத்தான்களை வருணித்தேன். பிறகு சமையற்காரியின் சாட்சியத்தை எடுத்தேன். “இவள் நாவில் தமிழ் தேய்ந்திருக்கலாம், ஆனால் பொய் தேயவில்லை” என்றேன். அந்த வரியை நான் அப்போதே, அந்த இடத்திலேயே உருவாக்கினேன். மிகவும் பெருமையாக இருந்தது. “வெள்ளையில் கிளம்பினான் என்கிறாள் இவள். நாம் கண்டதோ கறுப்பு!”

பின் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ அவர்களை அடக்கினார்கள். சரியான இடத்தில் அடித்துவிட்டேன், அவை கலங்குகிறது என்று எண்ணினேன். குரலை உயர்த்தினேன். “கறுப்பு எப்போது வெள்ளையாயிற்று? இந்த அவையில் இதற்கு விடை சொல்ல வல்லவர் ஒருவர், ஒரே ஒருவர் உண்டா?”

கேள்வியை வீசினேன். இமைக்காமல் நின்றேன். ஒன்று. இரண்டு.

“தம்பி, இப்பப் பேசலாமா?”

மூன்றாம் வரிசையில் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் டப்பா.

என் பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை. அந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்லக் கூடாது. அது விடை வேண்டிக் கேட்கும் கேள்வியே அல்ல. ஆனால் மேடையில் இருப்பவன் பின்வாங்கக் கூடாது என்பதும் பாடம்தானே. கையை விரித்து, “பேசுங்கள்” என்றேன்.

“நீங்க படம் முடியுற வரைக்கும் பேசாதீயன்னு சொன்னீய. இப்பத்தான் முடிஞ்சிட்டே, அதான் கேக்கேன். அந்தம்மா வெள்ளைன்னு சொல்லல தம்பி. வெள்ளனன்னு சொன்னாவ. வெள்ளனன்னா சீக்கிரமா. சின்னையா அன்னைக்குச் சீக்கிரமாவே போயிட்டாவ, கொல நடக்கையில அவுக வீட்டுலயே இல்லன்னு சொல்லுதாவ. அதுக்குத்தான கோர்ட்டுல அவுகள விட்டது?” என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். “வெள்ளையில வந்தது நீங்க. வெள்ளன போனது சின்னையா. ரெண்டும் வேற.”

அதன் பிறகு எழுந்த சிரிப்பை நான் வருணிக்கப் போவதில்லை. சன்னல் ஓரத்து மனிதர் கூடத் தண்ணீரை மறந்து திரும்பி நின்று சிரித்தார். நடுவர் முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார். செம்பூர் இளைஞர் எழுந்தார். கையில் இருந்த துண்டுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நடுவர் அவர்களே, என் கட்சிக்காரருக்காக நான் பேச நினைத்ததை விட நன்றாகவே அந்தச் சகோதரி பேசிவிட்டார். என் வாதம் முடிந்தது” என்று உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. நடுவர் சமையற்காரியை விடுதலை செய்தார். பொங்கல் மேடை செம்பூருக்குப் போயிற்று. பேசாமலே ஒருவர் பேச்சாளர் ஆனதை நான் அன்றுதான் கண்டேன்.

கூட்டம் கலைந்ததும் நேராக அந்தப் பெண்மணியிடம் போனேன். கோபம்தான், மறைப்பானேன்? தேநீர் நேரத்திலாவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“வந்தேனே. கண்ண மூடிக்கிட்டு ஒதட்ட அசச்சுக்கிட்டு நின்னீய. ஓதுறீயளோன்னு நெனச்சேன். தலைய வேற ஆட்டிட்டீய. போயிட்டேன்” என்றார்.

படம் பார்க்கும்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“வெரல வச்சுக் காட்டுனது யாரு?”

குடையைத் தேடி எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தேன்.

வீட்டுக்குப் போனதும் ஈர வேட்டியைக் கூட மாற்றாமல் அகராதியை எடுத்தேன். அப்படி ஒரு சொல் இல்லை, அது கொச்சை என்று நிறுவிவிட்டால் என் மானம் பாதியாவது மிஞ்சும் என்று ஒரு நப்பாசை. சொல் இருந்தது. ‘வெள்ளென’ என்று, அதிகாலையில் என்ற பொருளோடு, எனக்காகக் காத்திருந்ததைப் போல இருந்தது. வெள்ளை அந்தச் சொல்லுக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வேட்டியின் வெள்ளை அல்ல, விடியலின் வெள்ளை. அவள் நாவில் தமிழ் தேய்ந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் முழங்கினேனே, தேயாமல் இருந்தது அவள் நாவில்தான். என் காதுதான் மாட்டுங்காவோடு நின்றுவிட்டது.

ஒரு சொல் தெரியாமல் போனதற்காக நான் இப்போதும் வெட்கப்படவில்லை. எல்லாச் சொல்லும் யாருக்குத் தெரியும்? என்னை உறுத்துவது வேறு. எனக்குப் புரியாத ஒரு சொல்லைக் கேட்டதும், எனக்குப் புரியவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குப் பேசத் தெரியவில்லை என்று தோன்றியது. அடுத்த நிமிடமே அவள் பொய் சொல்கிறாள் என்றும் தோன்றிவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எனக்கு அடிக்கோடு இடும் நேரம்தான் ஆயிற்று. படத்தில் அந்த வழக்கறிஞரை எல்லோரும் ஏசியபோது நான் மட்டும் ஏன் ஏசவில்லை என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கியது. இன்றும் மேடை ஏறும்போதெல்லாம் மூன்று எண்ணுகிறேன். ஆனால் அந்த மூன்றுக்குள் யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்று அரங்கை விட்டு இறங்கிய இடத்துக்கு உங்களை ஒரு முறை திரும்ப அழைத்துப் போகிறேன், ஏனெனில் வழக்கு முடிந்தது அங்கேதான். படிக்கட்டில் எல்லோரும் குடையை விரிக்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் பெண்மணி எனக்கு இரண்டு படி கீழே இருந்தார். திரும்பி, டப்பாவைத் திறந்து நீட்டினார். இம்முறை ஒன்று எடுத்துக்கொண்டேன். மழையில் நமுத்துப் போயிருந்தது.

அடுத்த மாதமும் இதேபோல ஒரு பழைய கொலைப் படம் போடப் போகிறார்களாம். அதையும் ஆறு முறை பார்த்திருக்கிறாராம். “கூட்டம் சாஸ்தி வரும் தம்பி. வெள்ளன வாங்க, நல்ல எடமாப் புடிச்சு வைக்கேன்” என்றார். படிக்கட்டு முழுவதும் மறுபடி சிரித்தது.

கொலையாளி யார் என்று அப்போதே சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லட்டும் என்றும் இருந்தது. வாயில் இருந்த முறுக்கை விழுங்கிவிட்டு, மேல் படியில் இருந்தவர்களுக்கும் கீழே தண்ணீரில் இறங்கிவிட்டவர்களுக்கும் கேட்கும்படி, ஒலிபெருக்கி இல்லாமலே சொன்னேன்:

“வெள்ளனவே வந்துடறேன் அக்கா. உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். நீங்க பேசுங்க.”